காற்றுக்கு ஊற்றும் டீசல்

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய் ஏற்றிக்கொண்டு கேரளம் போகும் சின்ன வண்டிக்கார அண்ணன் தம்பிமார்களுக்கு,

நானும் உங்கள் வரிசையில் நிற்கிறவன்தான். 2008-இல் ஒரு டாடா ஏஸ் குட்டியானையை வாங்கி ஓட ஆரம்பித்தேன். அதைக் கொடுத்துவிட்டு இப்போது சில வருடங்களாகத் தோஸ்த் பிக்கப் வண்டி. மாதத்துக்கு இருபது நடை. பழனி, உடுமலை, பொள்ளாச்சி, பாலக்காடு, திருச்சூர். உங்களில் பலருடைய முகம் எனக்குத் தெரியும், பெயர் தெரியாது. என் வண்டியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இடது ஓரமாக மெதுவாகப் போகும். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்து, ஜன்னல் வழியாக ஏதோ சொல்லிவிட்டுத் தாண்டிப் போவார்கள். அந்த வண்டிக்காரன்தான் எழுதுகிறேன்.

எழுத வைத்தது ஒரு டீக்கடைப் பேச்சு. போன மாதம் மடத்துக்குளம் பக்கம் நின்றபோது நாலைந்து பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். "ரோடு நல்லாத்தாங்க இருக்குது. ஆனா மைலேஜ் போயிருச்சு" என்றார் ஒருவர். பக்கத்தில் இருந்தவர், "டீசல்ல என்னமோ கலக்கறானுங்க" என்றார். மூன்றாமவர் கம்பெனியைத் திட்டினார். புதுசாக வண்டி எடுத்த ஒரு தம்பி, டேங்கில் ஊற்றுவதற்கென்று வாங்கிய பாட்டில் ஒன்றை எடுத்துக் காட்டினான். விலையைக் கேட்டதும் எனக்கு டீ இறங்கவில்லை. அன்று நான் ஒன்றும் பேசவில்லை. நாலு பேர் நடுவில், அதுவும் மைலேஜ் விஷயத்தில், மெதுவாகப் போகிறவன் பேச்சு எடுபடாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்த முதல் ஆள் சொன்னது உண்மை. ஒட்டன்சத்திரம்–மடத்துக்குளம் நான்கு வழிப் பாதையை 2024-இல் முறைப்படி திறந்தார்கள். அதற்கு முன்னால் நாம் ஓட்டிய பழைய பழனி ரோட்டை நினைத்துப் பாருங்கள். முன்னால் ஒரு டவுன் பஸ், அதற்கு முன்னால் கரும்பு டிராக்டர், தைப்பூசம் நெருங்கினால் ரோட்டின் பாதியில் பாதயாத்திரைக்காரர்கள். பத்துத் தடவை பிரேக், இருபது தடவை கியர். ஐம்பதைத் தொட்டால் அது சாதனை. இப்போது பிரேக்கே தேவையில்லாத ரோடு. நியாயமாகப் பார்த்தால் மைலேஜ் ஏறியிருக்க வேண்டும். இறங்கிவிட்டது. காரணம் டீசலிலும் இல்லை, கம்பெனியிலும் இல்லை. பழைய ரோட்டில் சராசரியாக 45-இல் போன நாம் புது ரோட்டில் 85-இல் போகிறோம். அவ்வளவுதான்.

"வேகமாகப் போனால் டீசல் கொஞ்சம் கூடத்தானே செய்யும், இது தெரியாதா" என்பீர்கள். தெரியும். எவ்வளவு கூடும் என்பதுதான் நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் பல வருடம் ஓட்டினேன். கோவையில் பொறியியல் படிக்கும் என் மகள்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டில் போட்டுக் காட்டினாள்.

பரம்பிக்குளம்–ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்காலில் இடுப்பளவுத் தண்ணீர் ஓடும்போது இறங்கி நடந்திருப்பீர்கள். மெதுவாக நடந்தால் தண்ணீர் வழி விடும். அதே தண்ணீரில் ஓடிப் பாருங்கள், சுவர்மாதிரி எதிர்த்து நிற்கும். காற்றும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாததால் நாம் கணக்கில் எடுப்பதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். 60-இல் போகிறவர் 80-க்குப் போனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது; காற்று தள்ளும் விசையோ முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. 90-க்குப் போனால் இரண்டே கால் மடங்கு. டயர் உருள்வதற்கு ஆகும் செலவு அப்படியில்லை. அது லோடின் எடையைப் பொறுத்தது. வேகம் கூடினாலும் பெரிதாக மாறாது.

நம்முடைய மாதிரி வண்டிக்கு, லோடோடு இரண்டரை டன் என்று வைத்து அவள் தோராயமாகப் போட்ட கணக்கில், 60-இல் போகும்போது டயருக்குப் பாதி, காற்றுக்குப் பாதி என்று ஏறக்குறைய சரிபாதியாகப் பங்கு பிரிகிறது. 80-இல் காற்றின் பங்கு டயரின் பங்கைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிவிடுகிறது. அதாவது 80-இல் போகிற நம் வண்டி முக்கியமாகக் காய் சுமக்கும் வண்டி இல்லை, காற்றைக் கிழிக்கும் வண்டி. காருக்கு இவ்வளவு இல்லை. அதன் முகம் சரிந்து, வழுவழுப்பாக இருக்கிறது. நம் வண்டி முகம் செங்கல்மாதிரி. பின்னால் தார்ப்பாய் போட்ட ஒரு மலை.

இந்த இடத்தில் குட்டியானையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2005-இல் வந்த டாடா ஏஸ், இரண்டு சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைத்திறன். மிதித்து மிதித்துப் பார்த்தாலும் அறுபதைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கும். அந்த வண்டி மைலேஜில் ராஜா என்று இன்றைக்கும் பேசிக்கொள்கிறோம். இன்ஜின் சின்னது, வண்டி இலேசு, அதெல்லாம் சரி. ஆனால் அந்த மைலேஜில் ஒரு பங்கு அதனுடைய இயலாமைக்குச் சேர வேண்டியது. அதற்கு வேகமாகப் போகத் தெரியாது. காற்றோடு சண்டைக்குப் போகிற வயதே அதற்கு வரவில்லை. தோஸ்த், பொலேரோ பிக்கப் எல்லாம் வந்த பிறகு நமக்குப் பலம் வந்தது. பலத்தோடு செலவும் வந்தது. என் தோஸ்த்தைக் குட்டியானைமாதிரி ஓட்டுவது என்று நான் முடிவெடுத்ததுதான் நான் செய்த ஒரே பெரிய மாற்றம். மற்றதெல்லாம் சில்லறை.

இனி நம் ரூட்டுக்கே உரிய சங்கதி. வேறு எந்த ரூட்டுக்காரருக்கும் இவ்வளவு பொருந்தாது.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் மலைத்தொடர் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாய் திறந்திருக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அரபிக்கடல் காற்று அந்த வாய் வழியாகத்தான் நம் பக்கம் பாய்கிறது. உடுமலை, பல்லடம், குடிமங்கலம் என்று எங்கே பார்த்தாலும் காற்றாலை நட்டிருக்கிறார்களே, சும்மாவா நட்டார்கள்? வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி, புரட்டாசி வரைக்கும் மேற்கே பார்த்துப் போகிற நம் வண்டி அந்தக் காற்றாலை எந்தக் காற்றில் சுற்றுகிறதோ அதே காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டுதான் போகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். நம் விஷயத்தில் பறப்பது டீசல் காசு.

60-இல் போகிறீர்கள், எதிர்க்காற்று 25-இல் அடிக்கிறது. வண்டியைப் பொறுத்தவரை அது 85-இல் வருகிற காற்று. எதிர்ப்பு சரியாக இரண்டு மடங்கு. திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளும். வண்டிக்கு 35-இல் போகிற மாதிரி இருக்கும். எதிர்ப்பு மூன்றில் ஒன்றாகக் குறையும். "போகும்போது விட்டதை வரும்போது பிடித்துக்கொள்ளலாம்" என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கணக்கு அப்படி வரவில்லை. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால், காற்றே இல்லாத நாளைவிட ஆறில் ஒரு பங்கு கூடுதலாகத்தான் நிற்கிறது. காற்று எடுப்பது அதிகம், திருப்பிக் கொடுப்பது குறைவு. அதோடு எடுப்பது லோடு இருக்கும் பக்கம், கொடுப்பது காலி வண்டிக்கு.

ஆகவே ஆடியில் நான் கடைப்பிடிப்பது இது: மேற்கே போகும்போது 55, கிழக்கே திரும்பும்போது 65. நேரம் ஏறக்குறைய அதேதான் ஆகிறது, டீசல் குறைகிறது. காற்று மதியத்தில்தான் மூர்க்கம். இருட்டிய பிறகு கொஞ்சம் தணியும். மாலையில் லோடு ஏற்றி இரவில் போகிற வழக்கத்தை நம் பெரியவர்கள் காய் வாடாமல் இருக்க வைத்தார்கள். டீசலுக்கும் அது நல்லதாகவே அமைந்துவிட்டது.

அடுத்தது தார்ப்பாய். இதில் நான் பட்ட அவமானம் ஒன்று உண்டு. சொல்லிவிடுகிறேன்.

காற்றின் கணக்கு தெரிந்த புதிதில், பெரிய லாரிகளில் கேபின் மேல் சரிவாக ஒரு தகடு வைத்திருக்கிறார்களே, அதுமாதிரி நாமும் வைத்தால் என்ன என்று தோன்றியது. பழைய பிளைவுட் பலகை ஒன்றை அறுத்து, பட்டறையில் இரண்டு கம்பி பற்றவைத்து, கேபின் மேல் சாய்வாகக் கட்டினேன். கட்டிய அழகைப் பார்த்து நானே சிரித்துக்கொண்டேன். உடுமலை தாண்டியதும் ஒரு சத்தம். நிறுத்திப் பார்த்தால் கம்பி மட்டும் நிற்கிறது, பலகையைக் காணோம். டார்ச் அடித்துத் தேடியதில் ரோட்டோரத் தென்னந்தோப்பில் ஒரு மரத்தடியில் கிடந்தது. பின்னால் யாராவது இரு சக்கர வண்டியில் வந்திருந்தால் இந்தக் கடிதத்தை நான் எங்கிருந்து எழுதியிருப்பேன் என்று யோசித்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. தகடு வைப்பதானால் முறையாகச் செய்தது வைக்க வேண்டும். வண்டியின் அமைப்பை மாற்றுகிற எதற்கும் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். கைவேலை வேண்டாம்.

பலகை பறந்தாலும் யோசனை தப்பில்லை. காற்று பார்ப்பது வண்டியின் முகப்பின் அளவை. கேபினுக்கு மேலே லோடு ஒரு அடி உயர்ந்தால், முகப்பு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கூடிவிடும். முட்டைக்கோஸும் முருங்கைக்காயும் எடை குறைவு, இடம் அதிகம். அடுக்கத் தெரியாத ஆள் ஏற்றினால் கோபுரம்தான். நான் ஏற்றுகிறவர்களோடு நின்று சண்டை போடுவது இந்த ஒரு விஷயத்துக்குத்தான். தக்காளிப் பெட்டி அடியில், முன்பக்கம் நெருக்கி. முருங்கைக் கட்டு மேலே, படுக்கையாக, முன்னும் பின்னும் நீட்டாமல். கேபினைத் தாண்டி உயரத்தான் வேண்டும் என்றால் கேபினுக்குப் பக்கத்தில் தாழ்வாகவும் நடுவில் உயரமாகவும் ஒரு சரிவு வரும்படி. காற்று முட்டி நிற்காமல் ஏறிப் போய்விடும்.

பிறகு தார்ப்பாயைக் கட்டுவது. படபடவென்று அடித்துக்கொண்டு போகும் தார்ப்பாயைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சத்தத்துக்கு டீசல் செலவாகிறது. ஓரம் மடித்து, குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு போட்டு, மத்தளம்மாதிரி இழுத்துக் கட்ட வேண்டும். பத்துக் கிலோமீட்டர் போனதும் லோடு அமரும், கயிறு தளரும். ஒருமுறை நிறுத்தி மறுபடி இழுக்க வேண்டும். காலியாகத் திரும்பும்போது தார்ப்பாயைச் சுருட்டி உள்ளே போட்டு, மேலே நிற்கும் கம்பி வளைவுகளைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள். காலிப் பெட்டிகளைக் கேபின் உயரத்துக்குள் அடுக்குங்கள். காலி வண்டியில் பின்பலகையைத் திறந்து தொங்கவிட்டால் காற்று தாராளமாகப் போகும், மைலேஜ் கூடும் என்று ஒரு நம்பிக்கை நம்மில் இருக்கிறது. பலகை மூடியிருந்தால் தொட்டிக்குள் காற்று ஒரு மெத்தைமாதிரிச் சுழன்று நிற்கும். மேலே வரும் காற்று அதன்மேல் வழுக்கிப் போகும். திறந்துவிட்டால் அந்த மெத்தை கலைந்துபோகும். மைலேஜ் கூடாது. தொங்கும் பலகை நம்பர் பிளேட்டை மறைத்து அபராதம் வாங்கித் தருவதுதான் மிச்சம்.

இவ்வளவுக்கும் காசுக் கணக்கு என்ன? என் நோட்டில் இருப்பதைச் சொல்கிறேன். முன்பு 80, 85 என்று போன காலத்தில் லிட்டருக்கு 13 கிலோமீட்டர். இப்போது 16. போய்வர 400 கிலோமீட்டர் என்று வைத்தால் அன்று 31 லிட்டர், இன்று 25 லிட்டர். நடைக்கு ஏறக்குறைய ஆறு லிட்டர். டீசல் 90 ரூபாய்க்கு மேல் விற்கிறது. மாதம் இருபது நடைக்குப் பத்தாயிரத்துக்கு மேல் வருகிறது. என் வண்டி டியூவில் பெரும்பகுதி அது. ஒரு ஸ்பேர் பார்ட் மாற்றவில்லை, ஒரு பாட்டில் வாங்கவில்லை.

"நேரம்?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. நம் ரூட்டில் 80-இல் போகக்கூடிய தூரம் மொத்தமாகக் கூட்டினாலும் ஒரு பக்கத்துக்கு நூற்றிருபது கிலோமீட்டர்தான். மற்றது ஊர், சந்தை, வேகத்தடை, சிக்னல். அந்த நூற்றிருபதை 80-இல் போனால் ஒன்றரை மணி நேரம். 60-இல் போனால் இரண்டு மணி நேரம். வித்தியாசம் அரை மணி. அந்த அரை மணியைக் கிட்டத்தட்ட மூன்று லிட்டர் டீசல் கொடுத்து வாங்குகிறோம். மணிக்கு 500 ரூபாய்க்கு மேல் விலை. நம்மில் யார் மணிக்கு 500 சம்பாதிக்கிறோம்? அப்படி வாங்கிய அரை மணியை வைத்து என்ன செய்கிறோம்? போய் இறங்கி, இறக்குகிறவர்கள் வரும்வரை கேபினில் கால் நீட்டித் தூங்குகிறோம். நான் மூன்று மணிக்குப் போய் ஐந்து மணி வரை தூங்கிய நாட்கள் எத்தனையோ. வேகத்தை விற்றுத் தூக்கம் வாங்கிய வியாபாரம்.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். சரக்கு வண்டிக்கு நடுவில் தடுப்பு வைத்த நான்கு வழிச் சாலையில் 80-தான் உச்சம். மற்றச் சாலைகளில் 60. வேகக் கட்டுப்பாட்டுக் கவர்னரைக் கழற்றிவிட்டு 95-இல் போகிற தம்பிகள் யார் யார் என்று எல்லோருக்கும் தெரியும். மத்திய அரசின் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம், 80-இல் போவதைவிட 45-லிருந்து 55-க்குள் போனால் 40 சதவீதம் வரை கூடுதல் மைலேஜ் கிடைக்கும் என்று கார்களை வைத்துப் பார்த்துப் பல வருடமாகச் சொல்லி வருகிறது. பெட்ரோல் பங்கில் இதைச் சொல்லும் நோட்டீஸின் பக்கத்திலேயே நின்று டீசல் போட்டிருக்கிறோம். படித்ததில்லை.

அடுத்தது டயர். அதில் எவ்வளவு காற்று வேண்டும் என்பது கதவோரப் பட்டையிலோ கையேட்டிலோ இருக்கும்; முன்னுக்கு ஒன்று, லோடோடு பின்னுக்கு ஒன்று. டயரின் ஓரத்தில் அச்சடித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்சம். அது நமக்கான அளவில்லை. டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும், ஓடி வந்து சூடான டயரில் அளந்தால் கூடத்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடும் பஞ்சர் கடைகள் உண்டு, கவனம். நான் சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி வைத்திருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள், வண்டி எடுப்பதற்கு முன். டயர் மாற்றும் நேரம் வந்தால் நைலானை விட்டு ரேடியலுக்குப் போங்கள். அது இலகுவாக உருளும்.

இன்னொரு திருட்டு நம் கண்ணுக்கே தெரியாமல் நடக்கும்: பிரேக் முழுதாக விடாமல் பிடித்துக்கொண்டே ஓடுவது. இருபது முப்பது கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்குப் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒன்று மட்டும் அனல் வீசினால் அங்கே பிரேக் பிடித்திருக்கிறது, அல்லது பேரிங் போயிருக்கிறது. என் வண்டியில் பின்பக்கம் இடது சக்கரம் இப்படி எத்தனை நாள் டீசல் குடித்தது என்று தெரியவில்லை. மெக்கானிக் பத்து நிமிடத்தில் சரி செய்தார். ஏர் ஃபில்டர், ஆயில், வீல் அலைன்மெண்ட் இதெல்லாம் நீங்கள் பார்க்கிறவர்கள்தான், நீட்டவில்லை.

நியூட்ரல் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பாலக்காட்டுக்கும் திருச்சூருக்கும் நடுவில் இருக்கும் குதிரான் சுரங்கம் 2021-இல் ஒரு குழாயும் 2022 தொடக்கத்தில் மறு குழாயும் திறப்பதற்கு முன்னால், அந்த மேட்டை ஏறி அந்தப் பக்கம் இறங்கும்போது நியூட்ரல் போட்டு உருட்டுவது நமக்கெல்லாம் ஒரு வித்தை. மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைப்பு. இப்போதுள்ள இன்ஜினில் கியரில் வைத்து ஆக்சிலேட்டரை முழுதாக விட்டால், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். டீசல் தெளிப்பதையே கம்ப்யூட்டர் நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் டீசல் போய்க்கொண்டே இருக்கும். மெல்லிய சரிவில் நியூட்ரலில் வண்டி இன்னும் கொஞ்சத் தூரம் உருளும் என்பது உண்மை, ஒப்புக்கொள்கிறேன். அதில் மிஞ்சுவது ஒரு மடக்கு டீசல். இரண்டரை டன் வண்டியை வெறும் பிரேக்கை நம்பி இறக்குகிறவர் பணயம் வைப்பது என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கியரில் இருப்பதை வேறு விதமாகப் பயன்படுத்துங்கள். முன்னால் டோல்கேட் தெரிகிறதா? அரை கிலோமீட்டர் முன்பே காலை எடுங்கள். கடைசி நூறு மீட்டர் வரை மிதித்துவிட்டுப் பிரேக் அடிப்பது, டேங்கிலிருந்து டீசலை எடுத்து பிரேக் டிரம்மில் சூடாக்குவது. டாப் கியருக்குச் சீக்கிரம் போங்கள், ஆனால் இன்ஜின் உதறும் அளவுக்கு இழுக்க வைக்காதீர்கள். நம் மாதிரி டீசல் இன்ஜினுக்கு இழுவை நன்றாக இருப்பது நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,600 சுற்றுக்கும் 2,400 சுற்றுக்கும் நடுவில். 60-இல் டாப் கியரில் போகும்போது அது தானாக அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும். நின்றால் அணையுங்கள். நீண்ட தூரம் மிதித்து வந்திருந்தால் டர்போவுக்காக ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். சும்மா நிற்கும் வண்டி மணிக்கு அரை லிட்டர் குடிக்கும். கால் மணி நேரம் டீ குடித்தால், நீங்கள் குடித்த டீக்கு ஒரு விலை, வெளியே உறுமிக்கொண்டு நிற்கும் வண்டிக்கு இன்னொரு டீ விலை.

பாட்டில் தம்பிக்கு ஒரு வார்த்தை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, எரிபொருள் மிச்சம் பிடிக்கும் என்று விற்கிற கருவிகளையும் மருந்துகளையும் நூற்றுக்கு மேல் சோதித்துப் பார்த்திருக்கிறது. மைலேஜைச் சொல்லிக்கொள்ளும்படி உயர்த்திய சரக்கு ஒன்றும் தேறவில்லை. டீசல் குழாயில் மாட்டும் காந்தமும் அந்த வகைதான். நைட்ரஜன் காற்று என்று தனிக் காசு வாங்குகிறார்களே, சும்மா காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். விடியற்காலையில் குளிர்ந்த டீசல் போட்டால் அளவு கூட வரும் என்பதும் அப்படியே. பங்கின் டேங்க் மண்ணுக்கடியில் இருக்கிறது, அங்கே காலைக்கும் மதியத்துக்கும் சூட்டில் பெரிய வித்தியாசம் கிடையாது. டேங்கை நிரப்பினால் எடை கூடுமே என்றும் கவலை வேண்டாம். ஐம்பது லிட்டர் நாற்பத்திரண்டு கிலோ. மூன்று தக்காளிப் பெட்டி. கேரளத்தில் 2023 ஏப்ரலிலிருந்து லிட்டருக்கு 2 ரூபாய் கூடுதல் வரியும் சேர்ந்திருக்கிறது. எல்லையில் இருக்கும் கோபாலபுரம் தாண்டுவதற்குள் நிரப்பிக்கொள்வதே லாபம்.

நான் சொல்வதை நம்ப வேண்டியதில்லை, அளந்து பாருங்கள். டேங்கை ஃபுல் பண்ணி, கிலோமீட்டரை எழுதி, போய்வந்து அதே பங்கில், அதே குழாயில், தானாகக் கட் ஆகும் வரை போடுங்கள். ஓடிய கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுங்கள். ஒரு நடையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். காற்று மாறும், லோடு மாறும். ஐந்து நடை பழைய வேகத்தில், ஐந்து நடை 60-இல். டயர் அளவை மாற்றியவர்கள் மீட்டரை நம்பக் கூடாது. ரோட்டோரக் கிலோமீட்டர் கல்லோடு ஒருமுறை ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, டீசல் முள் காட்டுவதைப் பார்த்து "நல்லாக் குடுக்குது" என்று சொல்வதை விடுங்கள். நானும் பத்து வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மண்டி முதலாளிகளும் இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன். ஐயா, பாதி வேகம் உங்களால் வருவது. ஏலம் முடிந்த காய் வாசலில் கிடக்கும். கூலி ஆள் வரவில்லை, பில் போடவில்லை என்று ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டிய வண்டியை எட்டரைக்கு விடுவீர்கள். விட்ட பிறகு, "விடியறதுக்குள்ள போய்ச் சேரணும், லேட்டானா வாடகையில பிடிப்பேன்" என்பீர்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தை ரோட்டில் பிடிக்கச் சொல்கிறீர்கள். அதற்கான டீசல் வண்டிக்காரன் பையிலிருந்து போகிறது; தூக்கக் கலக்கத்தில் 90-இல் போகிற ஆபத்தும் அவனுடையதே. அரை மணி நேரம் முன்னால் லோடு ஏற்றிக் கொடுங்கள். வாடகையைக் கூட்டச் சொல்லிக் கேட்கவில்லை. மணியைக் கூட்டிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம். இதை ஒருவர் கேட்டால், "பிடிக்கலைன்னா வேற வண்டி இருக்குது" என்பீர்கள். நாம் எல்லோரும் சேர்ந்து ஒரே நாளில் கேட்டால் வேறு வண்டி இருக்காது. தம்பிமார்களே, இதை நீங்கள் யோசிக்க வேண்டும்.

ஆடி வரப்போகிறது. நோட்டும் பேனாவும் கேபினில் வையுங்கள். இரவில் மடத்துக்குளம் தாண்டி இடது ஓரத்தில் ஒரு வண்டி 55-இல் போய்க்கொண்டிருந்தால் அது நான்தான். ஹாரன் அடிக்காமல் லைட்டை ஒருமுறை காட்டிவிட்டுத் தாண்டிப் போங்கள். இல்லையென்றால் பின்னாலேயே வாருங்கள். எதிர்க்காற்று இல்லாத இடத்தில் நான் 60-க்கு ஏற்றுவேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒரு தோஸ்த் வண்டிக்காரன்